நாற்சந்திக் கதையும் நரம்பிசைக் கலையும்

பெருங்கலைஞர் ஒருவரைக் கண்டு வியக்கும் மக்கள், அவ்வியப்புக்கு விடையாக ஒரு கதையைப் படைத்துக்கொள்வது உலக வழக்கு. திருவானைக்காவில் அம்பிகையின் தாம்பூலம் வாயிற்பட்ட கணமே காளமேகப் புலவர் கவிமழை பொழிந்தார் என்பது தமிழகத்துக் கதை. நள்ளிரவில் நாற்சந்தி ஒன்றில் நின்று, சாத்தானுக்குத் தம் ஆன்மாவை விற்று, அதற்கு ஈடாகக் கித்தார் வாசிக்கும் வல்லமையை இராபர்ட் ஜான்சன் பெற்றார் என்பது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கதை. முன்னது தெய்வ அருள்; பின்னது தீய சக்தியின் கொடை. எனினும் இரண்டும் சொல்வது ஒன்றே: கலை கற்கப்பட்டதன்று, கொடுக்கப்பட்டது.

புளூஸ் என்னும் இசை வகையைப் படைத்த அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களைச் சூழ்ந்து நிற்பவை இத்தகைய கதைகளே. சாத்தான் கதையை நம்பாதவர்களும் மற்றொரு கதையை எளிதில் நம்பிவிடுகின்றனர். அடிமை வாழ்வின் துயரமே பாடலாய்ப் பீறிட்டது என்பதே அக்கதை. துயரம் இருந்தது உண்மை. அதை மறுப்பார் எவருமிலர். ஆனால் துயருற்றோர் பல இலட்சம். புளூஸை உருவாக்கியோர் மிகச் சிலர். அச்சிலருக்கு இருந்தது என்ன? பயிற்சியும் செவிக்கூர்மையும் வடிவம் பற்றிய அறிவும் ஆகும். இவ்வுண்மையைக் காணாது விடுவது அக்கலைஞர்களின் வாழ்வை மட்டுமன்றி அவர்தம் அறிவையும் மறைப்பதாகும்.

தோற்றமும் வடிவமும்

1865ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆயின் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளில் உழைத்த மக்களின் நிலை பெரிதும் மாறிவிடவில்லை. நிலம் வெள்ளையருக்கே உரியதாயிருந்தது. கறுப்பின மக்கள் அந்நிலத்தில் வாரத்திற்கு உழுதனர். விதையும் உணவும் துணியும் பண்ணைக் கடையில் கடனாகப் பெற்று, அறுவடைக்குப் பின் கணக்குப் பார்க்கும்போது மீண்டும் கடனாளியாகவே நின்றனர். வயல்வெளியில் தனித்து உழைப்போர் நெடுங்குரலெடுத்துப் பாடிய பாட்டுகளும், கூட்டமாக உழைப்போர் தலைவன் ஓரடி பாட ஏனையோர் எதிரடி பாடிய வேலைப்பாட்டுகளும், தேவாலயப் பாடல்களும் அவர்களிடையே வழங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றினின்றும் புளூஸ் வடிவெடுத்தது.

அதனை முதன்முதலில் ஏட்டில் பதித்துப் பரப்பியவர்களுள் ஒருவர் டபிள்யூ. சி. ஹேண்டி. அலபாமா மாநிலத்தில் 1873ஆம் ஆண்டு பிறந்த இவர், முறையாக இசை பயின்று வாத்தியக் குழு நடத்தியவர். 1903ஆம் ஆண்டளவில் மிசிசிப்பியின் டட்வைலர் இரயில் நிலையத்தில் நள்ளிரவில் காத்திருந்தபோது, கந்தலுடை அணிந்த ஒருவர் கித்தாரின் நரம்புகள்மீது கத்தியை அழுத்தி வழுக்கி வாசித்துப் பாடியதைக் கேட்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவர் குறித்துள்ளார். அந்த மனிதரின் பெயரை ஹேண்டி கேட்டறியவில்லை. வரலாற்றில் பதிவான முதல் புளூஸ் கலைஞர்களுள் ஒருவர் இவ்வாறு பெயரற்றவராகவே நிற்கிறார். ஹேண்டியின் 'மெம்பிஸ் புளூஸ்' 1912இலும், 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' 1914இலும் அச்சேறின.

புளூஸின் வடிவம் எளியது போலத் தோன்றும். ஆனால் நுட்பம் மிக்கது. பெரும்பான்மையான பாடல்களில் ஒவ்வொரு கண்ணியும் மூன்று அடிகளால் ஆனது. முதலடி ஒரு நிலைமையைச் சொல்லும். இரண்டாம் அடி அதனையே மீண்டும் சொல்லும். மூன்றாம் அடி அதற்கு விடையோ திருப்பமோ தரும். ஒவ்வோர் அடிக்கும் நான்கு தாள அளவுகள். ஆகக் கண்ணிக்குப் பன்னிரண்டு அளவுகள். இப்பன்னிரண்டும் ஆதார சுரத்தின்மேலும் நான்காம், ஐந்தாம் சுரங்களின்மேலும் எழும் மூன்று சுரக்கூட்டுகளில் இயங்கும். முதலடி ஆதாரத்தில் நிற்கும். அடுத்த அடி சொல்லால் மாறாவிடினும், அதன் அடிநிலமாகிய சுரக்கூட்டு மாறிவிடுகிறது. ஆகவே கேட்போர் செவியில் அதே சொற்கள் வேறு பொருள் தருகின்றன. கூறியது கூறலைக் குற்றமென்று கற்பிக்கும் இலக்கண ஆசிரியரும் இங்கு அதனை அழகெனவே கொள்வர்.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. பாடுபவர் ஓரடியின் நான்கு அளவுகளையும் தம் குரலால் நிரப்புவதில்லை. ஏறத்தாழப் பாதியிலேயே குரல் நின்றுவிட, எஞ்சிய இடத்தில் கித்தார் மறுமொழி கூறுகிறது. தலைவன் பாடக் கூட்டம் எதிரொலித்த வேலைப்பாட்டின் மரபு, தனியொரு மனிதரின் வாயிலும் விரலிலும் இங்ஙனம் ஒடுங்கிற்று எனலாம். கைக்கிளை, தாரம் எனப் பண்டைத் தமிழிசை நூல்கள் குறிக்கும் மூன்றாம், ஏழாம் சுரங்களைச் சற்றே தாழ்த்தியும் அசைத்தும் பாடுவது இதன் தனிப்பண்பு. மேலைநாட்டுப் பியானோவின் கட்டைகளுக்கிடையே விழுந்துவிடும் அந்நுண்சுரங்களைப் பிடிப்பதற்காகவே கத்தியாலும் புட்டியின் கழுத்தாலும் நரம்பை வழுக்கி வாசிக்கும் முறை பெரிதும் பயன்பட்டது.

அரங்கேறிய அரசியர்

புளூஸ் என்றவுடன் கித்தாருடன் அலையும் ஆண்மகனையே பலர் நினைப்பர். ஆனால் இசைத்தட்டு உலகில் அதனை நிலைநாட்டியவர்கள் பெண்பாடகியரே. 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், ஓக்கே நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் 'கிரேசி புளூஸ்' என்னும் பாடலைப் பதிவு செய்தார். பெர்ரி பிராட்போர்டு இயற்றிய அப்பாடலின் விற்பனை, கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்கமாட்டார்கள் என்னும் நிறுவனங்களின் எண்ணத்தைத் தகர்த்தது. அதன் பின்னரே கறுப்பின மக்களுக்கென்று தனி வரிசையாக இசைத்தட்டுகள் வெளிவரத் தொடங்கின.

ஊர் ஊராகக் கூடாரம் அடித்து நடக்கும் நாடகக் குழுக்களில் பாடிப் பழகியவர் மா ரெய்னி. 'புளூஸின் தாய்' எனப் போற்றப்பெற்ற இவர், 1923 முதல் 1928 வரை பாரமவுண்ட் நிறுவனத்துக்காக ஏறத்தாழ நூறு பாடல்களைப் பதிவு செய்தார். டென்னசி மாநிலத்தின் சட்டநூகா நகரில் வறுமையில் பிறந்து, தெருவில் பாடிக் காசு பெற்று வளர்ந்த பெஸ்ஸி ஸ்மித் அவருக்கு அடுத்து எழுந்தவர். 1923இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'டவுன்ஹார்ட்டெட் புளூஸ்' அவரைப் புகழின் உச்சிக்கு உயர்த்தியது. அப்பாடலை இயற்றியோரும் ஆல்பெர்ட்டா ஹண்டர், லோவி ஆஸ்டின் என்னும் கறுப்பினப் பெண்மணியரே.

பெஸ்ஸி ஸ்மித்தின் திறனை அறிய, 1925இல் அவர் பதிவு செய்த 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' போதுமானது. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் என்னும் ஊதுகருவியும், ஓர் ஆர்மோனியமும் தவிர வேறு துணையில்லை. ஹேண்டி எழுதிய மெட்டினை அவர் அப்படியே பாடவில்லை. அதன் ஏற்ற இறக்கங்களைக் குறைத்து, சில சுரங்களையே மையமாகக் கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தாளத்திற்குச் சற்றுப் பின்னே நிறுத்துகிறார். குரல் நிற்குமிடத்தில் ஆம்ஸ்ட்ராங் மறுமொழி தருகிறார். விட்டதை அறிந்து விட்டவரே சிறந்த பாடகர் என்பதற்கு இப்பதிவைவிட நல்ல சான்று அரிது.

அவர் இறப்பைப் பற்றியும் ஒரு கதை உண்டு. 1937ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் விடியலில், மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் நகருக்கருகே நிகழ்ந்த கார் விபத்தில் படுகாயமுற்று அவர் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் குருதி சிந்தி மாண்டார் என்று அவ்வாண்டிலேயே ஓர் இசை இதழ் எழுதிற்று. எட்வர்டு ஆல்பி அதனைக் கருவாகக் கொண்டு 1960இல் அரங்கேறிய நாடகத்தை எழுதினார். பின்னர் ஆய்ந்தோர் கண்ட செய்தி வேறு. அவர் நேரே கறுப்பின மக்களுக்கான மருத்துவமனைக்கே கொண்டு செல்லப்பட்டார், காயமோ பிழைத்தற்கரியதாயிருந்தது. நோயாளியை நிறம் பார்த்துப் பிரித்த கொடுமை அந்நாட்டில் இருந்தது மெய்யே. இரு நிறத்தாருக்கும் இரு மருத்துவமனை என்பதே அதற்குச் சான்று. ஆனால் மெய்யான கொடுமையைக் காட்ட மெய்யல்லாத நிகழ்ச்சி தேவையில்லை. பெஸ்ஸி ஸ்மித் பதிவு செய்த ஏறத்தாழ 160 பாடல்களை அறியாதவரும் இறப்பின் கதையை அறிந்திருப்பது, கதை கலையை விழுங்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

வெள்ளத்தைப் பாடிய பேட்டன்

பெண்பாடகியரின் வெற்றியைக் கண்ட நிறுவனங்கள், கித்தாரிசைத்துத் தனித்துப் பாடும் தென்னாட்டுக் கலைஞரையும் தேடலாயின. அவர்களுள் முதன்மை பெற்றவர் டெக்சாஸ் மாநிலத்தின் பிளைண்ட் லெமன் ஜெபர்சன். கண்பார்வையற்ற இவர் 1926 முதல் 1929 வரை எண்பதுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்து, 1929ஆம் ஆண்டு டிசம்பரில் சிகாகோவில் மறைந்தார். ஜெபர்சன் பாடிய பாரமவுண்ட் நிறுவனத்தை நடத்தியது விஸ்கான்சின் மாநிலத்து நாற்காலித் தொழிற்சாலை ஒன்று. கிராமபோன் பெட்டிகளைச் செய்து விற்ற அத்தொழிற்சாலை, பெட்டிகளை விற்பதற்கு இசைத்தட்டுகளும் வேண்டுமென்று கருதியே இசைத்தொழிலில் இறங்கியது. ஒரு மாபெரும் கலை மரபு மரச்சாமான் வணிகத்தின் துணைச்சரக்காகப் பதிவு பெற்றது வியப்புக்குரியது.

அந்நிறுவனத்துக்குப் பாடிய மற்றொருவர் சார்லி பேட்டன். மிசிசிப்பி டெல்டா என்னும் பருத்தி நிலப்பகுதியில் டாக்கரி பண்ணையில் வளர்ந்தவர். கரகரத்த குரலும் கித்தாரை முதுகின் பின்னும் தொடையினிடையிலும் வைத்து வாசிக்கும் வேடிக்கையும் கொண்டவர். ஆதலின் அவரை வெறும் கூத்தாடி என இகழ்ந்தோரும் உண்டு. 1929ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஒரே நாளில் பதினான்கு பாடல்களை அவர் பதிவு செய்தார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர் பதிவு செய்த 'ஹை வாட்டர் எவ்ரிவேர்' என்னும் இரண்டு பகுதிப் பாடல் தனித்து ஆராயத்தக்கது. 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் மிசிசிப்பி ஆற்றின் கரை கிரீன்வில் நகருக்கு வடக்கே உடைந்தது. வெள்ளம் டெல்டாவை மூடிற்று. கிரீன்வில்லில் வெள்ளையர் படகுகளில் வெளியேற்றப்பட, கறுப்பினத் தொழிலாளர் காவலுடன் ஆற்றங்கரை முகாம்களில் நிறுத்தப்பட்டு வேலை வாங்கப்பட்டனர். பேட்டன் இந்நிகழ்ச்சியைச் செய்தித்தாள் போல் விவரிப்பதில்லை. ஊர்ப்பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். ஓர் ஊரில் நீர் புகுந்தது என்கிறார், அடுத்த ஊருக்குப் போக எண்ணுகிறார், அங்கும் நீர். ஊர்ப்பெயர் மாற மாற, தப்பிக்கும் வழி ஒவ்வொன்றாய் அடைபடுவதைக் கேட்போர் உணர்கின்றனர். மேட்டு நிலத்திற்குப் போகலாம் என்றால் வழி மறிக்கப்பட்டிருக்கிறது என்று ஓரிடத்தில் பாடுகிறார். மறித்தவர் யார் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. கேட்ட மக்கள் அறிவர். இசைத்தட்டு விற்ற வெள்ளையர் காதில் அது வெள்ளத்தின் மறிப்பாகவும் ஒலிக்கலாம். வெளிப்பொருளும் உட்பொருளுமாக ஒரு சொல்லை நிறுத்திய இத்திறன் கூத்தாடியின் திறனன்று. சொல்லறிந்த புலவனின் திறன்.

இசையமைப்பும் அப்பொருளுக்கேற்பவே உள்ளது. கித்தாரின் உடலைக் கையால் தட்டி, காலால் தரையை உதைத்து, தாளத்தை நெருக்குகிறார். பாடலின் இரண்டாம் பகுதியில் களம் ஆற்றின் மறுகரையாகிய ஆர்க்கன்சாஸ் பக்கம் மாறுகிறது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் அடங்கும். அந்தக் கட்டுப்பாட்டையே பயன்கொண்டு, ஆற்றின் இரு கரைகளைத் தட்டின் இரு பக்கங்களில் வைத்துப் பாடியிருக்கிறார். வில்லி பிரவுன், ஹௌலிங் வுல்ப் முதலியோர் அவரிடம் கற்றோர். டாக்கரி பண்ணையும் அதன் சுற்றுப்புறமும் ஒரு வகையில் பள்ளிக்கூடமாகவே இயங்கின. பேட்டன் 1934ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார்.

நாற்சந்திக் கதையின் மறுபக்கம்

1911ஆம் ஆண்டு மே மாதம் மிசிசிப்பியின் ஹேசல்ஹர்ஸ்டு ஊரில் பிறந்த இராபர்ட் ஜான்சன், 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் கிரீன்வுட் நகருக்கருகே தம் 27ஆம் வயதில் இறந்தார். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் அவர் பதிவு செய்த 29 பாடல்களே அவர் விட்டுச் சென்ற செல்வம். வாழ்ந்த நாளில் 'டெரப்பிளேன் புளூஸ்' என்னும் பாடல் ஒன்றே ஓரளவு விற்றது.

நாற்சந்திக் கதை எழுந்த விதம் நோக்கத்தக்கது. பேட்டனின் தோழரான சன் ஹவுஸ், ஜான்சனின் இளமைக் காலத்தை நினைவு கூர்ந்துள்ளார். ஹவுஸும் வில்லி பிரவுனும் ஓய்வெடுக்கும் வேளையில் இச்சிறுவர் கித்தாரை எடுத்துக் கண்டபடி மீட்டுவாராம். கூட்டத்தார் எரிச்சலுற்று நிறுத்தச் சொல்வராம். பின்னர் அவர் ஊரைவிட்டுப் போனார். திரும்பி வந்து வாசித்தபோது மூத்தோர் வாயடைத்து நின்றனர். இடையில் கழிந்தவை சில திங்களே என ஹவுஸ் கூறினாலும், ஓராண்டுக்கும் மேற்பட்டதென்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற கதையோ, தொடக்கத்தில் டாமி ஜான்சன் என்னும் வேறொரு பாடகரைப் பற்றி அவர் தமையனார் ஆய்வாளரிடம் சொன்னது. குடும்பப் பெயர் ஒற்றுமையாலும் ஹவுஸின் வியப்பாலும் அது இராபர்ட் ஜான்சனிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

உண்மையில் அவர் சென்றது தாம் பிறந்த ஹேசல்ஹர்ஸ்டுப் பகுதிக்கு. அங்கு ஐக் ஸிம்மர்மன் என்னும் கித்தார்க் கலைஞரின் வீட்டில் தங்கிப் பாடம் கேட்டார். ஆசிரியரும் மாணவரும் இரவில் அருகிலிருந்த இடுகாட்டில் அமர்ந்து வாசித்தனர் என்பதை ஸிம்மர்மனின் மகள் பின்னாளில் தெரிவித்துள்ளார். இடுகாடு என்றவுடன் பேய்க்கதை எழுவது இயல்பு. ஆனால் அங்குச் சென்றதற்குக் காரணம், இரவில் எவருக்கும் இடையூறின்றிப் பயிலலாம் என்பதே. சாத்தான் ஒரு நொடியில் கொடுத்ததாகச் சொல்லப்படும் கலையை, ஓர் ஆசிரியர் பல இரவுகளில் கற்பித்தார். நாற்சந்தியை உலகம் அறியும். அந்த ஆசிரியரின் பெயரை அறிந்தோர் சிலரே.

பதிவுகளே இதற்கு மேலும் சான்று பகர்கின்றன. பதின்மூன்று பாடல்களுக்கு இரண்டாம் பதிவும் கிடைத்துள்ளது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பெரும்பாலானவற்றில் சொற்களும் விரல்நடையும் அதிகம் மாறாதிருப்பது புலப்படும். அந்நேரத்து உணர்ச்சியில் பொங்கியவை அல்ல அவை. முன்னரே செப்பம் செய்யப்பட்டவை. அவர் இசைத்தட்டுகளையும் கூர்ந்து கேட்டுக் கற்றார். லீராய் கார், கோகோமோ ஆர்னால்டு, ஸ்கிப் ஜேம்ஸ் முதலியோரின் பாடல்களிலிருந்து மெட்டும் தொடரும் எடுத்துக்கொண்டு, தமக்கேற்ப மாற்றி அமைத்தார். பியானோவில் இடக்கை வாசிக்கும் உருண்டோடும் தாழ்சுர நடையைக் கித்தாரின் தடித்த நரம்புகளுக்குக் கொண்டுவந்ததும், அதே வேளையில் மெல்லிய நரம்புகளில் எதிர்மொழி கூறியதும் அவர் பதிவுகளின் சிறப்பு. அதனைக் கேட்டோர் இருவர் வாசிப்பதாக மயங்கியதுண்டு.

'கிராஸ் ரோடு புளூஸ்' என்னும் 1936ஆம் ஆண்டுப் பாடலே கதைக்குச் சான்றாகக் காட்டப்படுவது. ஆனால் பாடலுள் சாத்தான் இல்லை. நாற்சந்தியில் ஒருவர் முழந்தாளிட்டு இறைவனிடம் இரக்கம் வேண்டுகிறார். போகும் வண்டிகளை நிறுத்தப் பார்க்கிறார், எவரும் நிற்கவில்லை, அவரை அறிந்தவர் எவருமில்லை. பொழுது சாய்கிறது. அந்நாளில் கறுப்பினத்தவர் ஒருவர் அறியாத ஊரில் இருட்டிய பின் தனித்து நிற்பது உயிருக்கே தீங்காகலாம் என்பதை அறிந்தோர்க்கு, அப்பாடலின் அச்சம் எத்தகையதெனச் சொல்லவேண்டியதில்லை. அவ்வச்சத்தைப் பேய்க்கதையாக்குவது, மனிதர் செய்த கொடுமையைச் சாத்தானின் தலையில் ஏற்றுவதாகும்.

இதற்கு மறுப்பும் கூறலாம். 'மீ அண்ட் தி டெவில் புளூஸ்' போன்ற பாடல்களில் ஜான்சனே சாத்தானைப் பெயர் சொல்லிப் பாடியுள்ளார். நாற்சந்தியில் அருளும் தெய்வம் பற்றிய நம்பிக்கை, எஷு என்னும் தெய்வத்தை வழிபடும் மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களிடம் பண்டே இருந்தது. ஆகவே இக்கதையை வெறும் வணிகக் கட்டு எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அது அம்மக்களின் வாய்மொழி மரபில் வேர் கொண்டதே. ஆனால் ஒரு கவிஞர் சாத்தானைப் பாடுபொருளாகக் கொள்வது வேறு. சாத்தானே அவர் ஆசிரியர் எனக் கொள்வது வேறு. முன்னது கலை, பின்னது திறனாய்வின் தவறு.

மீட்பும் மரபுரிமையும்

1938ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் கறுப்பின இசை விழா ஒன்றை ஜான் ஹாமண்ட் நடத்தினார். அதில் பாட ஜான்சனை அழைக்க விரும்பியபோதுதான் அவர் இறந்த செய்தி கிட்டியது. பிக் பில் புரூன்ஸி அவ்விடத்தில் பாடினார். ஜான்சனின் இசைத்தட்டு மேடையில் ஒலிக்கப்பட்டது. 1961இல் அவர் பாடல்களின் தொகுப்பு நெடுந்தட்டாக வந்தது. அதனைக் கேட்டு வளர்ந்த ஆங்கில இளைஞர்கள் ராக் இசையின் புகழ்மிக்க கலைஞராயினர். 1990இல் வெளியான முழுத்தொகுப்போ பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. அவர் பெற்ற பயனோ ஒவ்வொரு பதிவுக்கும் அன்று கிடைத்த சிறு தொகை. அவருடைய மகன் என மிசிசிப்பி நீதிமன்றங்கள் ஒருவரை ஏற்று உரிமை வழங்கியது 1998இலும் 2000இலும்தான்.

1960களில் வடமாநில இளைஞர் சிலர், பழைய இசைத்தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றில் பாடியோரைத் தேடிப் புறப்பட்டனர். ஒரு பாடலில் வந்த அவலான் என்னும் ஊர்ப்பெயரைத் துப்பாகக் கொண்டு, மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்பவரை 1963இல் கண்டனர். 1928இல் பாடிய பின் பண்ணையுழைப்பிலேயே காலங்கழித்த அவரது மெல்லிய குரலும் மூன்று விரலால் மீட்டும் தெளிந்த நடையும் சிறிதும் தேயாதிருந்தன. அவர் பாடல்களில் அமைதியும் நகையும் மிகுதி. புளூஸ் முழுவதும் அழுகையே என்பார்க்கு அவரே மறுமொழி. அடுத்த ஆண்டு ஸ்கிப் ஜேம்ஸ் மருத்துவமனைப் படுக்கையில் கண்டெடுக்கப்பட்டார். அவர் 1931இல் பாடிய 'ஐயாம் சோ கிளாட்' என்னும் பாடலைக் கிரீம் என்னும் ஆங்கிலக் குழு 1966இல் பாடியது. அதனால் கிடைத்த உரிமைத்தொகை அவரது இறுதி நாளின் மருத்துவச் செலவுக்கு உதவிற்று.

சன் ஹவுஸின் வரலாறு எல்லாவற்றினும் பொருள் பொதிந்தது. இளமையில் சமயப் போதகராயிருந்து, பின் புளூஸில் புகுந்து, 1930இல் பதிவு செய்து, 1943இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தவர் அவர். அங்கு இரயில்வேயில் பணியாற்றினார். கித்தாரைத் தொடுவதையும் விட்டுவிட்டார். 1964இல் தேடிவந்தோர் அவரைக் கண்டபோது, தம் பாடல்களைத் தாமே வாசிக்கும் நிலையில் அவர் இல்லை. அவருடைய பழைய பதிவுகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்த ஆலன் வில்சன் என்னும் இருபத்தொரு வயது வெள்ளை இளைஞர் அவருடன் அமர்ந்து, அவர் பாடல்களை அவருக்கே வாசித்துக் காட்டி மீண்டும் பழக்கினார். 1965இல் கொலம்பியா நிறுவனத்துக்காக ஹவுஸ் பாடிய 'டெத் லெட்டர்' இன்று புளூஸின் உச்சங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

இந்நிகழ்ச்சியைச் சிலர் வேடிக்கையாகச் சொல்வர். ஆயின் துயரமே பாடலாயிற்று என்னும் கொள்கைக்கு இதைவிட வலிய மறுப்பு வேறில்லை. முதுமையும் தனிமையும் இழப்பும் சன் ஹவுஸிடம் 1964இல் குறைவின்றி இருந்தன. இல்லாதிருந்தது விரலின் பழக்கம். அது திரும்பிய பின்னரே பாடல் திரும்பிற்று. துயரம் பாடலுக்குப் பொருளாகலாம். பாடலை ஆக்குவது பயிற்சியே.

கல்லறைகள் கூறும் செய்தி

பெஸ்ஸி ஸ்மித்தின் சவ ஊர்வலத்தில் பிலடெல்பியா நகரில் பல்லாயிரவர் திரண்டனர். ஆனால் அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் இல்லை. 33 ஆண்டுகள் கழித்து 1970இல் பாடகி ஜானிஸ் ஜோப்ளினும், ஜுவானிட்டா கிரீன் என்னும் கறுப்பினப் பெண்மணியும் பொருளுதவி செய்து ஒரு கல்லை நிறுவினர். பிளைண்ட் லெமன் ஜெபர்சனின் இடுகாட்டில் 1967இல்தான் அடையாளம் வைக்கப்பட்டது. சார்லி பேட்டனுக்குக் கல் எழ அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இராபர்ட் ஜான்சனுக்கோ கிரீன்வுட் வட்டாரத்தில் மூன்று இடங்களில் மூன்று நினைவுக்கற்கள் உள்ளன.

உடல் கிடக்கும் இடத்தைத் தேடிக் கல் நாட்டுவது நன்றே. ஆயினும் கலைஞரின் உண்மையான நினைவுச்சின்னம் அவர் படைப்பைக் கூர்ந்து கேட்கும் செவியே ஆகும். கதையை மட்டும் போற்றுவோர் அவரை மீண்டும் ஒருமுறை பெயரற்றவராக்குகின்றனர். சாத்தான் கொடுத்தது என்பாரும், துயரம் கொடுத்தது என்பாரும், அறிந்தோ அறியாமலோ, ஒரு மக்களினத்துக்குச் சிந்தித்துப் படைக்கும் ஆற்றலில்லை என்னும் பழைய இழிவுரைக்கே துணை போகின்றனர்.

ஆதலின் வாய்மொழிக் கலைகளைக் கற்பிக்கும் ஆசிரியர், கலைஞரின் வறுமையைச் சொல்லுமுன் அவர் வடிவத்தைச் சொல்லுதல் வேண்டும். மூன்றடிக் கண்ணி எவ்வாறு இயங்குகிறது, குரல் எங்கு நிற்கிறது, கித்தார் அங்கு என்ன சொல்கிறது, ஊர்ப்பெயர்களின் அடுக்கு எவ்வாறு பொருளாகிறது என்பவற்றை மாணவர் முதலில் உணர்தல் வேண்டும். அதன் பின் வறுமையையும் கொடுமையையும் கூறினால், இத்தகைய நிலையிலும் இத்தகைய கலையா என்னும் மதிப்பு அவர் உள்ளத்தில் பிறக்கும். வெறும் இரக்கம் பிறவாது. இடுகாட்டின் இருளில் ஓர் ஆசிரியரின் அருகமர்ந்து, ஒரே விரல்நடையை மீண்டும் மீண்டும் வாசித்த அந்த இளைஞருக்கு உரியது இரக்கமன்று, மதிப்பே.